கடல் திருப்பித் தராதவர்களுக்காக அழுவோர்

(பங்கின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா நாளில் துயரத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். இருபத்தைந்து ஆண்டு என்பது நாம் எழுப்பிய கட்டடங்களின் கணக்கு மட்டுமன்று; நாம் இழந்த உயிர்களின் கணக்கும் அதில் அடங்கியிருக்கின்றது.

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குமரிக் கரைகளில் பேரலை பாய்ந்தது. பலரைப் பொதுக் குழிகளில் அடக்கம் செய்ய நேர்ந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற பலருடைய உடல்கள் கரைக்கு வரவே இல்லை.

உடல் கிடைத்தால் முகம் பார்த்து அழலாம். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றலாம். கிடைக்காதபோது, “எந்தக் கப்பலாவது காப்பாற்றியிருக்காதா” என்ற ஏக்கமும், “போய்விட்டாரே” என்ற அச்சமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கின்றன. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பவுலின் பாஸ் என்ற அம்மையார், இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். ஏழாண்டு செய்தி இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும். நெஞ்சுக்கு அப்படி ஒரு கெடு வைக்க யாராலும் இயலாது.

இத்தகைய துயரம் நம் திருமறைக்குப் புதிதன்று. உயிர்த்த ஞாயிறன்று மகதலா மரியாள் அழுதது எதற்காக? ஆண்டவருடைய உடலைக் காணவில்லை என்பதற்காகவே. ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் அழுகின்றாய் என்று கேட்டார். அவள் மனத்திலிருந்ததைச் சொல்லவிட்டார். பிறகு பெயர் சொல்லி அழைத்தார். ஆறுதல் சொல்லச் செல்லும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

ஆகவே, துயர வீட்டுக்குச் செல்லும்போது முதலில் அமர்ந்து கேளுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் உடனிருந்தார்கள்; அது நல்ல ஆறுதல். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே அவர்கள் கடவுளின் கண்டனத்துக்கு ஆளானார்கள். “எல்லாம் கடவுள் சித்தம், அழாதே” என்பது நமக்கு எளிது. கேட்பவளுக்கோ அது கல். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். சொல்ல விரும்பும்போது அவசரமின்றிக் கேட்டால் போதும்.

இரண்டாவது, போனவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். வீட்டில் எவரும் அப்பாவைப் பற்றிப் பேசாவிட்டால், பிள்ளைகள் தனியே பயந்துபோவார்கள்.

மூன்றாவது, தாலியைக் கழற்றுவதையோ, இறந்தோர் திருப்பலி கேட்பதையோ ஒரு மனைவி எப்போது செய்வது என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டாம். அதுவரை அவரை இறைவனின் கையில் ஒப்படைத்து அவளோடு ஜெபமாலை சொல்லலாம். கோபத்தோடு ஜெபித்தாலும் அது ஜெபமே. திருப்பாடல் 88 இருளிலேயே முடிகின்றது. அதையும் திருச்சபை ஜெபமாகவே வைத்திருக்கின்றது.

நான்காவது, மருத்துவ உதவி தேடுவது விசுவாசக் குறைவன்று. சாவை வேண்டி மரத்தடியில் படுத்த எலியாவுக்கு இறைவன் முதலில் அனுப்பியது போதனையன்று. உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. பல வாரம் உறக்கமின்மை, உணவு வெறுப்பு, ஓயாத குடி, சாவதைப் பற்றிய பேச்சு இவற்றைக் கண்டால் மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் தமிழில் பேசலாம். பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஊர்த் தொண்டர்களுக்கே ஆற்றுப்படுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். நம் மரியாயின் சேனையாரும், வின்சென்ட் தே பவுல் சபையாரும் அத்தகைய பயிற்சி பெற இவ்விழா ஆண்டு தகுந்த காலமன்றோ!

இறுதியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரிக்கும்போது, கல்லறையே இல்லாத வீட்டார் எங்கே நிற்பார்கள்? குடும்பத்தாரின் சம்மதத்தோடு அவர்களுடைய பெயர்களையும் வாசித்து, கடற்கரைக் குருசடியில் ஒரு திரி ஏற்றுவோம். அழுகின்றவர் எவரும் தனியே அழாத பங்கு என்ற பெயரை நம் பங்கு பெறட்டும். சிலுவையடியில் நின்ற வியாகுல மாதா நமக்காக வேண்டிக்கொள்வாளாக.

இயேசுவுக்கே புகழ்!