சேரியும் முகாமும்



வானகரம் வழியாக ஓடும் புறவழிச்சாலையில் வடக்கே போனால் புழல். அங்கே ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. மேற்கே பூந்தமல்லி. அங்குள்ள கிளைச்சிறை ஒரு காலத்தில் ஈழ இளைஞர்களை அடைத்துவைத்த 'சிறப்பு முகாம்'. இந்த இரண்டுக்கும் நடுவே கூடியிருக்கும் நாம், போர் விரட்டிய பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு படகேறி வந்தவர்களை 'ஈழ அகதி' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு மறைந்துபோகிறது. அவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, இங்கிருந்து கண்டிச்சீமைக்குப் போன பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களைப் போர் அங்கிருந்தும் துரத்தியது. வந்து சேர்ந்தது பாட்டன் பிறந்த மண். இங்கேயும் அவர்கள் அந்நியர்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் கதி என்ன? 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. இலங்கையைக் கண்ணாலும் பார்க்காத பெண்ணுக்கு ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. பட்டம் வாங்கிய பையன் பெயின்ட் அடிக்கப் போகிறான். 'செக்கிங்' நாளில் வேலையைப் போட்டுவிட்டு முகாமுக்கு ஓடிவர வேண்டும்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, புது வீடுகள் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமையை ஒன்றிய அரசுதான் தர வேண்டும்.

ஊருக்கு வெளியே குடியிருப்பு, முகவரியைச் சொன்னதும் மாறுகிற முகம், அடுத்தவன் அனுமதியில் நடக்கும் வாழ்க்கை. இவை நமக்குப் புதியவை அல்ல. சாதியும் புதிதல்ல. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தலித்துகள் போராட வேண்டியிருந்தது; கே. டானியல் 'பஞ்சமர்' எழுத வேண்டியிருந்தது. ஆகவே இனத்தின் பெயரால் சாதியை மூடி மறைக்காமலேயே நாம் முகாமின் பக்கம் நிற்க முடியும். முகாமின் கேள்வி தலித் இயக்கத்தின் கேள்விதான்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் முகாம்களுக்குப் போங்கள். பழைய தோட்டப் பதிவுகள், பாட்டனின் ஊர்ப்பெயர், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டி, விண்ணப்பம் எழுத உதவுங்கள். இங்கேயே வாழ விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை வேண்டும். திரும்ப விரும்புகிறவர்களுக்குப் பாதுகாப்பான பயணமும் நிலமும் வேண்டும். எது வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். 1964இல் கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்போம்.