பெரியம்மா வீடு



உறவினர் வாழ்ந்த பழைய வீட்டைப் பெற்றோருடன் சென்று காணும் பேறு பலர்க்கும் வாய்க்கும். தனுஷ்கோடியைப் பிறந்த ஊராகக் கொண்டோர்க்கு அது எளிதன்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகைவண்டியையும் கடல் கொண்டது. மக்கள் வாழத் தகாத இடமென அரசு பின்னர் அறிவித்தது. தேவாலயச் சுவர்களும் புகைவண்டி நிலையத்தின் சிதைவுகளும் இன்றும் நிற்கின்றன.

2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டது. அன்று சிறுமியாயிருந்த தாயார் ஒருவர், இன்று மகனோடு அங்கு வந்து நிற்கிறார். தேவாலயத்தைக் குறியாகக் கொண்டு, "அதோ, பெரியம்மா வீடு, அதையடுத்து மாமா வீடு" என்று கைகாட்டுகிறார். மகன் காண்பது மணலே. மூன்றாவது வீட்டின் பக்கம் கை திரும்புகிறது; பெயர் வரவில்லை. மகனும் கேட்கவில்லை.

சுவரிருந்தால் பேரனும் வந்து காண்பான். இங்கு அவ்வீடுகள் அத்தாயாரின் சொல்லில் மட்டுமே நிற்கின்றன. கவிஞர் பெருமக்களே, கேட்கத் தயங்கிய அந்தப் பெயரை, அவர் இருக்கும்போதே மெல்லக் கேட்டு எழுதி வைத்தல் மகனின் கடன். எழுதுவோர் அனைவரின் கடனும் அதுவே.