பல்லில் பூச்சி ஏது?

(கிராமக் கூட்டமொன்றில் பேசியது)



நாம் இன்று பல்லைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசலாமென்று வந்திருக்கிறோம். "பல்லைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா? அதற்கு ஒரு மேடையா?" என்று சிலர் சிரிப்பது நமது காதில் விழுகிறது. நன்றாய்ச் சிரிக்கட்டும். அப்படிச் சிரிக்கும்போது வெளியே தெரியும் பற்களின் யோக்கியதையைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தாலே, இந்தப் பேச்சு வேண்டுமா வேண்டாமா என்பது விளங்கிவிடும்.

நமது ஜனங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அதற்குக் காரணம் என்னவென்று தேடுவதைவிட, அதை எந்தக் கிரகத்தின் தலையில் போடலாமென்று தேடுவதே வழக்கமாயிருக்கிறது. பல் விஷயமும் இதற்கு விலக்கல்ல. குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்கிறார்கள். பல் சொத்தையானால் பூச்சி என்கிறார்கள். ஆடினால் வயது என்கிறார்கள். எல்லாம் போய்விட்டால் தலைவிதி என்கிறார்கள். மயிர் நரைப்பதுபோல் வயதானதும் பல் தானாக விழுவதென்பது கிடையாது. பெரும்பாலும் நோய் கண்ட பல்தான் விழுகிறது. நோய் காணாத பல் 80 வயதிலும் முறுக்குக் கடிக்கும்.

நிற்க, முதலில் பூச்சி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பூச்சி எடுக்கும் வித்தையை நாம் சந்தைகளில் நின்று பார்த்திருக்கிறோம். பல்வலிக்காரனை உட்காரவைத்து, ஒரு சட்டியில் நெருப்பைப் போட்டு, எண்ணெயில் பிசறிய கண்டங்கத்தரி விதையை அதில் தூவி, அந்தப் புகையை ஒரு குழாய் வழியாய் வாய்க்குள் விடுகிறான். கொஞ்ச நேரம் சென்றதும் கீழே வைத்திருக்கும் தண்ணீர்த் தட்டைத் தூக்கிக் காட்டுகிறான். அதில் வெள்ளை வெள்ளையாய் நெளிந்தாற்போல் ஏதோ மிதக்கிறது. கூட்டம் வாயைப் பிளக்கிறது. வலிக்காரன் மடியை அவிழ்க்கிறான். தோழர்களே! அது பூச்சியல்ல. அந்த விதைக்குள் சுருண்டு கிடக்கும் முளைதான் சூட்டில் விதை வெடித்ததும் வெளியே வந்து விழுகிறது. ஐரோப்பாவிலும் இதே பித்தலாட்டம் வேறொரு செடியின் விதையைக் கொண்டு பல நூறு வருஷம் நடந்திருக்கிறது. ஆகையால் ஏமாறுவதில் நமக்கு மாத்திரம் தனிப் பாத்தியதை இருப்பதாக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஆனால் அங்கே சிலர் தேடிப் பார்த்தார்கள். அதுதான் வித்தியாசம். டெல்ஃப்ட் என்னும் ஊரில் ஜவுளி வியாபாரம் செய்த லேவன்ஹூக் என்பவர், 1683ல் தமது பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய அழுக்கைத் தாமே செய்த பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர் பட்டம் பெற்ற வைத்தியரல்ல, துணி அளந்து விற்றவர் என்பதைக் கவனியுங்கள். பாரிஸ் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் என்பவர், 1728ல் வெளியிட்ட தமது புத்தகத்தில், தேடிப் பார்த்தும் சொத்தைப் பல்லில் புழுவைத் தாம் காணவில்லையென்று எழுதினார். பிறகு பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்னும் அமெரிக்கர், நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் வாயிலுள்ள கிருமிகள் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன என்றும், அந்த அமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் 1890ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அவ்வளவுதான் சொத்தை. இதில் சனீஸ்வரனுக்கு வேலையே இல்லை.

"அதெல்லாம் சரி, பூச்சி எடுத்தவனுக்கு வலி நின்றுவிட்டதே" என்று கேட்பீர்கள். நிற்பது வாஸ்தவம். பல்லின் நடுவே இரத்தமும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொடும்போதுதான் உயிர் போகிற வலி. பிறகு அந்தச் சதை செத்துப்போகிறது. செத்த நரம்பு வலிக்காது. அந்தச் சமயத்தில் புகை பிடித்தவன் புகையினால் நின்றது என்கிறான்; மஞ்சள் துணியில் காசு முடிந்தவன் சாமியினால் நின்றது என்கிறான்; கயிறு மந்திரித்துக் கட்டியவன் கயிற்றினால் என்கிறான். கிருமியோ யாருக்கும் நன்றி சொல்லாமல் வேரின் வழியாய் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இது நமது வீட்டிலேயே நடந்த சங்கதி. நமது தாயாருக்கு மேல் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை. டாக்டர் அதைப் பிடுங்கிவிட வேண்டுமென்றார். தெருவிலுள்ள பெரியவர்களெல்லாம் கூடி, "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்றார்கள். நாமும் அந்தச் சமயம் அதை நம்பி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வருஷம் கிராம்பை வைத்தே காலம் தள்ளினார்கள். வலியும் ஒரு நாள் நின்றது. வீட்டில் பொங்கல் வைத்தோம். அடுத்த ஐப்பசியில் கன்னம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, ஜுரத்தில் பிதற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் 9 நாள் கிடந்து பிழைத்தார்கள். ஒரு பல்லோடு போகவேண்டியது நான்கு பல்லோடு போயிற்று. அந்த டாக்டர் நம்மைப் பார்த்து, "கண்ணுக்குப் பயந்து கண்ணையே கொடுக்க இருந்தீர்களே" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பார்வைக்குரிய நரம்பு வேறு. பல்லுக்குரிய நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் கண் போவதில்லை. பிடுங்காமல் சீழ் கட்டவிட்டால்தான் அது கண்குழிக்கும், அதற்கப்பால் மூளைப் பக்கத்துக்கும் பரவக்கூடும். நமது பெரியவர்கள் ஆபத்தைச் சரியாய்த்தான் பார்த்திருக்கிறார்கள். காரணத்தைத்தான் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகள் பல் வைத்தியம் செய்துகொள்ளக் கூடாது என்பதும், பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்பதும் இந்த ரகந்தான்.

பல் துலக்குவதற்கும் சாஸ்திரம் உண்டு. அமாவாசை, நவமி முதலிய திதிகளில் குச்சியால் பல் துலக்கக் கூடாதாம். போதாக்குறைக்கு, குச்சியின் நீளம் வருணத்துக்கு வருணம் வேறாம்! மேல்சாதிக்கு நீளக் குச்சி, கீழே போகப் போகக் கட்டைக் குச்சி. வாய்க்குள்ளும் வருணாசிரமத்தைக் கொண்டுபோய் வைத்தவர்களின் புத்தியை என்னவென்று சொல்வது? கிருமி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, சாதியும் கேட்பதில்லை.

இதனால் குச்சியே கெட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆலங்குச்சியும் கருவேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நன்றாய் மென்று தேய்த்தால் அழுக்கை எடுக்கத்தான் செய்யும். எடுப்பது தேய்ப்புத்தான், மரத்தின் மகிமை கொஞ்சந்தான். ஆனால் பல்லின் உட்புறத்துக்கும் கடைவாய்க்கும் குச்சி சரியாய்ப் போவதில்லை. செங்கல் தூள், மணல், அடுப்புக்கரி இவைகளோ அழுக்கோடு சேர்த்துப் பல்லின் மேற்பூச்சையும் ஈறையும் அறுத்துவிடும். பாத்திரம் விளக்குவது வேறு, பல் விளக்குவது வேறு.

மெதுவான மயிருள்ள பிரஷ் ஒன்றும் புளோரைடு கலந்த பேஸ்டும் போதும். விலை அதிகமுள்ளதுதான் வேண்டுமென்பதில்லை. அட்டையில் புளோரைடு 1000 முதல் 1500 வரைக்குள் என்று போட்டிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு படுக்கப்போகுமுன் ஒரு தடவை, 2 நிமிஷம், ஈறும் பல்லும் சேருமிடத்தில் மெதுவாய்த் தேய்க்கவேண்டும். நம்மவர்கள் காலையில் மாத்திரம், அதுவும் தெருவாசலில் நின்று ஊர்வம்பு பேசிக்கொண்டே தேய்க்கிறார்கள். இரவில் தேய்ப்பதே முக்கியம், ஏனெனில் தூங்கும்போது உமிழ்நீர் குறைந்து கிருமிக்குக் கொண்டாட்டமாகிவிடுகிறது. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாய்க் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பேஸ்ட், 6 வயது வரை பட்டாணியளவு. குழந்தை விழுங்காமல் பெரியவர் பக்கத்தில் நிற்கவேண்டும். பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று விட்டுவிடாதீர்கள். அது காலத்துக்கு முன்னே போனால் பின்னால் வரும் பல் இடமில்லாமல் கோணிக்கொள்ளும்.

சர்க்கரையைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்புப் பட்டதும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அமிலம் வேலை செய்கிறது. பிறகு உமிழ்நீர் அந்தச் சேதத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்ச் செப்பனிடுகிறது. காலை முதல் இரவு வரை 6 தடவை சர்க்கரைத் தேநீரும், இடையிடையே பிஸ்கோத்தும், மிட்டாயும் என்றால், செப்பனிட நேரமேது? சாப்பாட்டோடு தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சேர்க்கும் சர்க்கரை, தேன், பழரசம் எல்லாம் சேர்ந்து வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாதென்றும், அதில் பாதியானால் இன்னும் நலமென்றும் 2015ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவைப்பது முன்பற்களை வரிசையாய்க் கரைத்துவிடும்.

இனி ஈறு. தேய்த்தால் இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தை விட்டுவிடுகிறவர்கள் அநேகர். பெரும்பாலும் தேய்க்காமல் விட்டதனாலேதான் அங்கே இரத்தம் வருகிறது. அழுக்கு இறுகிக் காரையாய்விட்டால் பிரஷுக்கு அசையாது, பல் டாக்டர்தான் எடுக்கவேண்டும். எடுத்தால் பல் ஆடிப்போகும் என்று ஒரு வதந்தி. காரையும் நோயும் ஏற்கெனவே எலும்பைத் தின்றிருக்கும். காரை இருக்கும்வரை ஆட்டம் தெரியாது, அவ்வளவுதான். ஈறு நோய் உள்ளவருக்குச் சர்க்கரை வியாதி அடங்குவது கஷ்டம். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும்.

வெற்றிலை பாக்கைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். கல்யாணம், கருமாதி, கோயில் எதற்கும் தாம்பூலமில்லாமல் முடியாதென்று பழக்கிவைத்திருக்கிறார்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ல் வெளியிட்டது. கன்னத்தில் புகையிலை அடக்குகிறவர்கள் தங்கள் வாய்க்குள் மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும், வாயில் வெள்ளைத் தடிப்போ ஆறாத புண்ணோ 2 வாரத்துக்குமேல் இருந்தாலும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல்பொடியிலேகூடப் புகையிலையைக் கலந்து விற்றுப் பெண்களைப் பழக்கிவந்ததை 1992ல்தான் இந்திய அரசாங்கம் தடை செய்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோழர்கள் யாரேனும் இங்கிருந்தால், அவர்கள் பல்லில் காணும் பழுப்புக் கறை அவர்களுடைய அசுத்தத்தால் வந்ததல்ல. நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு அளவுக்கு மிஞ்சியிருந்ததனால், பல் முளைக்குமுன்பே பிடித்த கறை அது. பேஸ்டில் கொஞ்சம் பல்லைக் காக்கும் அதே வஸ்து, குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குமேல் போனால் கெடுக்கும். மிகவும் போனால் எலும்பையும் முடக்கும். எந்தப் பரிகாரமும் இதைத் தீர்க்கவில்லை. தண்ணீரை மாற்றுவதுதான் தீர்வென்று, ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து 2013ல் திட்டத்தைத் திறந்தார்கள்.

நேரமாகிவிட்டது. கண்டங்கத்தரி விதையும், சட்டியும், குழாயும் நாமே கொண்டுவந்திருக்கிறோம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லையென்று அவரே சொல்லுகிறார். அவர் சம்மதித்தால், புகையை அவர் வாய்க்குள் விடாமல் பக்கத்தில் காட்டிவிட்டே, அவருக்கும் ஒரு தட்டு 'பூச்சி' எடுத்துக் காட்டுகிறோம். பிள்ளைகள் கிட்ட வந்து பார்க்கலாம். காசு ஒன்றும் கிடையாது.