சீட்டைக் கிழித்தெறியாதீர்கள்



2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் நிறுவனத்தின் கணினிக் காவல் மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான திருத்தம் ஒன்று, உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகளை முடக்கிற்று. அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பனி மட்டும் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 பறப்புகளை இரத்துச் செய்தது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றிலோ பிரயாணிகளுக்குப் பேனாவால் எழுதிய ஏறுசீட்டுகள் கொடுத்தார்கள். பேனா மட்டும் பழுதடையவில்லை!

கணினி வீழ்ந்தால் பிரயாணியின் உரிமையும் வீழ்ந்துவிடுமா? இல்லை. நாடு விட்டு நாடு செல்லும் பிரயாணத்துக்குரிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை, சீட்டு முறைப்படி வழங்கப்படாவிடினும் ஒப்பந்தம் செல்லும் என்கிறது. தாமதத்தால் விளையும் நட்டத்துக்குக் கம்பனியே பொறுப்பு. தப்ப வேண்டுமாயின், நியாயமான நடவடிக்கை அனைத்தையும் எடுத்ததாக அதுவே நிரூபிக்க வேண்டும். ஆனால் நட்டத்தை நிரூபிக்கும் பாரம் நம்முடையது. அதற்கு அவர்களுடைய கணினியையே நம்பியிருப்பது, எதிராளியின் பெட்டகத்தில் நமது காணி உறுதியை வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே கைபேசியில் வந்த சீட்டைப் படம்பிடித்து வைப்போம். தாமத அறிவித்தல், உணவுக்கும் விடுதிக்கும் கொடுத்த பணத்தின் பற்றுச்சீட்டு யாவும் ஒரே உறையில் இருக்கட்டும். பொதி பிந்திக் கிடைத்தால் 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குத் தொடர 2 ஆண்டுகள் உண்டு. வெப்பத்தால் அச்சிடும் தாளின் எழுத்து அத்தனை காலம் நில்லாது மங்கிவிடக்கூடும். அன்றே நகலெடுத்துக் கொள்வோம்.