சாக்லேட்டும் மீன்கூடையும்



புதுநன்மைத் திருப்பலி முடிந்ததும் நாம் பிள்ளைகளின் கையில் முதலில் வைப்பது சாக்லேட். மறைக்கல்வி வகுப்பில் பரிசும் அதுதான். அது எங்கே விளைந்தது என்று நாம் கேட்டதில்லை.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அந்தத் தோட்டங்களில் 15 லட்சத்துக்கும் அதிகமான சிறுவர் சிறுமியர் உழைப்பதாக 2020-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டது. கத்தியால் காய் உடைப்பார்கள், சுமை தூக்குவார்கள். நம் புதுநன்மைப் பிள்ளைகளின் வயதுதான் அவர்களில் பலருக்கு. இந்தக் கொடுமையை ஒழிக்கப் பாடுபடுவோம் என்று பெரிய சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்டதோ 2001-இல்!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரிக்குச் சற்று முன்பு ஆரோவில் வரும். அங்கே மேசன் அண்ட் கோ என்ற சிறிய சாக்லேட் கூடம் இருக்கிறது. தென்னிந்தியத் தோட்டங்களில் இயற்கை முறையில் விளைந்த கோகோவை வாங்குகிறார்கள். அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு அதில் வேலை.

நம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே, நிழலில் வளரும் மரம் கோகோ. காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது கொட்டைகள். அவற்றைப் பெட்டியில் கொட்டி, வாழையிலையால் மூடி, அவ்வப்போது கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். சாக்லேட்டின் மணம் பிறக்கத் தொடங்குவது ஆலையில் அல்ல, விவசாயியின் களத்தில். ஈரக்கொட்டையாகவே வியாபாரியிடம் தள்ளிவிட்டால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். பக்குவமாகப் புளித்த கொட்டைக்குச் சிறிய தயாரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். அரைப்பது எதில் தெரியுமா? கல் கிரைண்டரில்! இட்லி மாவுக்காகக் கோயம்புத்தூரில் செய்த இயந்திரத்தைச் சற்றே மாற்றி, வெளிநாடுகளிலும் இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட்டுகிறார்கள்.

ஆனால் விலை? சாதாரணக் கடைச் சாக்லேட்டைவிட அதிகம். உப்பளத்திலும் படகிலும் பிழைக்கும் குடும்பத்திடம் இதை வாங்குங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. வாங்குவதும் ஓர் அறச்செயலே என்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். பிடித்து வைத்த கூலிக்கு வாய் உண்டு என்பது யாக்கோபு திருமுகத்தின் எச்சரிக்கை. அப்படியானால் கையில் காசு குறைந்தவர்கள் இதை எங்கே கடைப்பிடிப்பது?

இந்த உரையைத் தயாரிக்கும்போது நம்மையே உறுத்திய ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடையில் சாக்லேட்டுக்கு உறையில் அச்சடித்த விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கோவளத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ கூடை சுமந்து வாசலுக்கு வரும் மீன்கார அம்மாவிடம் மட்டும் பத்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறோம். விடியுமுன்னே கரையில் நின்று ஏலம் எடுத்தவர் அவர். நாளைக் காலையும் வருவார். கூடையை இறக்க ஒரு கை கொடுப்போம். அவர் சொல்லும் விலையை ஒருமுறை அப்படியே கொடுத்துப் பார்ப்போம்.