பள்ளி மரங்களை அண்ணாந்து பார்ப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரம் நடுவதைப் பற்றி நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் பேசுகிறோம். நான் இன்று பேச வந்தது, ஆபத்தாகிவிட்ட மரத்தை முறைப்படி அகற்றுவதைப் பற்றி. இரண்டுமே மரத்தின் மீதுள்ள அக்கறைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. அதற்கு முன் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை நகரத்து மரங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அப்படிப்பட்ட காற்றில் நல்ல மரமும் விழும். அதை யாராலும் முழுமையாகத் தடுக்க முடியாது. ஆனால் சாதாரண ஆடிக் காற்றுக்கே முறியும் மரங்கள் உண்டு. அவற்றில் பல முன்கூட்டியே அடையாளம் காட்டுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நம்மால் முடிந்த வேலை.

என்ன அடையாளங்கள்? முதலில் அடிமரத்தைப் பாருங்கள். மண்ணை ஒட்டிக் காளான் முளைத்திருந்தால், உள்ளே வேரோ தண்டோ அழுகிக்கொண்டிருக்கக்கூடும். புதிதாகச் சாய்ந்த மரத்தில், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. இரண்டு பெரிய கிளைகள் குறுகலான கவையில் சேரும் இடத்தில் பட்டை உள்மடிந்திருந்தால், அந்த இணைப்பு பலவீனமானது. பட்ட கிளை, நீளவாட்டில் விரிசல், பொந்து ஆகியவற்றையும் கவனியுங்கள். பொந்து உள்ள மரமெல்லாம் விழுந்துவிடாது. சுற்றியுள்ள நல்ல மரப்பகுதி எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதே கேள்வி.

இன்னொன்று, வேர். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர் வாய்க்காலுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுவதும் வெட்டுப்பட்டுவிடும். மரம் பச்சையாகவே நிற்கும். பிடிமானம் போனது காற்று வரும்போதுதான் தெரியும்.

எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு மாணவியின் ஓட்டு வீடு. அதன் கொல்லையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தது. அந்தச் சிறுமியின் தாத்தா வைத்த மரம் அது. "நிழல் கொடுத்த மரத்தை எப்படி சார் வெட்டுறது?" என்று அவள் அப்பா தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் மதித்தேன். ஆனால் அந்த ஓட்டுக்குக் கீழேதான் நான்கு பேர் படுத்துத் தூங்கினார்கள். சாரத்தை விளக்கியதும் அவர் ஒப்புக்கொண்டார். தெரிந்தவர்களை வைத்து மலிவாக முடித்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்காமல், இதே தொழிலாக உள்ள குழுவை அழைத்தார்.

ஒரு சனிக்கிழமை வந்தார்கள். தெருமுனையில் நின்று பார்த்தேன். முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி மின் இணைப்பை நிறுத்தினார்கள். வீட்டில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். தெருவின் இருபக்கமும் கயிறு கட்டி ஆளை நிறுத்தினார்கள். தலைக்கவசமும் இடுப்புவாரும் அணிந்த ஒருவர் மேலே ஏறினார். வீட்டருகே மரத்தை அடியோடு சாய்க்க இடமில்லை; மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு கிளையையும் வடத்தில் கட்டி, அந்த வடத்தை அடிமரத்தில் சில சுற்றுச் சுற்றிக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டார். கிளை அறுபட்டதும் வடத்தின் உராய்வே பாரத்தைத் தாங்கியது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, கிளை மெல்ல இறங்கியது. மாலைக்குள் ஓர் ஓடுகூட உடையாமல் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை அதையே வகுப்பில் கணக்காக்கினோம். 30 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கிளையின் கன அளவு ஏறத்தாழ 0.21 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கிளை ஏறத்தாழ 190 கிலோ. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். இந்த விடை வந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. உருளையின் கன அளவு எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

எல்லா மரத்தையும் வெட்டச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பல மரங்களுக்குப் பட்ட கிளையைக் கழித்தாலே போதும். பெரிய கிளையைக் கழிக்கும்போது முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு. இதனால் தண்டின் பட்டை உரியாது. கடைசியில் மிச்சத்தை, தண்டருகே பருத்திருக்கும் கழுத்துப்பகுதி சேதப்படாமல் அறுக்க வேண்டும். மரத்தின் புண் நம் தோல் போல ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி மரம் தடுப்புச்சுவர் எழுப்பிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை விரிவாக விளக்கினார். உச்சியை மொட்டையடிப்பது தவறு என்பதற்குக் காரணமும் இதுதான். பெரிய காயங்கள் அழுகும். அங்கே துளிர்க்கும் கிளைகளின் பிடிப்பும் பலவீனமாக இருக்கும். சில இடங்களில் மரத்தைத் தொடவே வேண்டாம். அதன் கீழுள்ள மிதிவண்டி நிறுத்தத்தை இடம் மாற்றினால் போதும்.

பள்ளி வளாக மரம் அரசுச் சொத்து. தலைமையாசிரியரோ நாமோ விருப்பம்போல் வெட்ட முடியாது. உரிய ஒப்புதல் பெற வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் மழைக்காலம் வரை காத்திருக்காமல் முன்பே எழுதுவோம். மரத்தின் படம், சாய்வு, கட்டடத்திலிருந்து தூரம், கீழே எத்தனை குழந்தைகள் நடமாடுகிறார்கள் என்ற விவரம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் ஆகியவை இருந்தால் கடிதத்துக்கு வலு சேரும். ஒப்புதல் வரும்வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிடுவோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கிளை ஒடிக்கப் பெரிய மாணவர்களை ஏறச் சொல்வது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

மரமேறும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். அந்த வேலைக்குள் இயற்பியலும் உயிரியலும் அடங்கியிருப்பதை அந்தப் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லுங்கள். கவசமும் வாரும் இல்லாமல் ஏறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது அவர்கள் வழியாக வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, வளாகத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியையும் கவையையும் உச்சியையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு மரத்தை அகற்ற நேர்ந்தால், கட்டடத்துக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடத்தில் வேரோடப் போதிய மண் விட்டு இரண்டு கன்றுகளை நடுங்கள்.