பட்டறையில் பிறந்த பாணி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா, மெக்கானிக்கல் படிச்சவன் லேடீஸ் ஃபேஷனைப் பத்திப் பேசப் போறியாமே?" என்று காலை டிபனின்போதே நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்குக் காக்கி பேண்ட், சட்டை. பெண்களுக்குச் சுடிதாரின் மேல் காக்கிக் கோட்டு. வகுப்புத் தோழி ஒருவர், "சார், நானும் பேண்ட் சட்டையில வரட்டுமா?" என்று கேட்டார். "அப்படி வழக்கம் இல்லம்மா" என்று பதில் வந்தது. பின்னாலிருந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரம் அவருடைய துப்பட்டா நுனி கோட்டுக்குள்ளிருந்து நழுவி, சுற்றுகிற லேத்தில் சிக்கிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். துணி கிழிந்தது, கழுத்து தப்பியது. அதன்பின் அவர் லேத் பக்கமே போகவில்லை. ரெக்கார்டு எழுதி மார்க் வாங்கினார், அவ்வளவுதான்.

இதே பிரச்சினையை 1940-களில் அமெரிக்காவும் பிரிட்டனும் சந்தித்தன. ஆண்கள் போர்முனைக்குப் போக, லட்சக்கணக்கான பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். அப்போது வெரோனிகா லேக் என்ற ஹாலிவுட் நடிகையைப் போல ஒரு கண்ணை மறைத்துக் கூந்தலைத் தொங்கவிடுவதுதான் ஃபேஷன். மெஷினில் முடி சிக்கும் ஆபத்து! 1943-இல் அரசாங்கம் கேட்டுக்கொள்ள, அந்த நடிகையே கூந்தலை வாரிக் கட்டிக்காட்டினார்.

தலையில் இறுக்கிக் கட்டிய துணி, உயர்ந்த இடுப்புள்ள பேண்ட், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த ஓவரால் எல்லாம் பெண்களிடையே பரவின. துணித் தட்டுப்பாடு வேறு. பிரிட்டனில் 1941 முதல் உடைக்கு ரேஷன். அமெரிக்காவில் 1942-இல் ஸ்கர்ட்டின் நீள அகலத்துக்கே அரசு கட்டுப்பாடு. விளைவு, மடிப்பு குறைந்த, கச்சிதமான உடைகள்.

போர் முடிந்ததும் பெண்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1947-இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர், மீட்டர் கணக்கில் துணி பிடிக்கும் அகன்ற ஸ்கர்ட்டைக் கொண்டுவந்தார். ஆனாலும் பேண்ட் போகவில்லை. 1940-களின் அகன்ற தோள்பட்டை 1980-களில் ஆபீஸ் கோட்டாகத் திரும்பி வந்தது. அந்த ஓவரால்தான் இன்று கடைகளில் 'ஜம்ப்சூட்' என்று தொங்குகிறது. தலைத்துணியோடு கையை மடக்கிக் காட்டும் பெண்ணின் போஸ்டர் 1943-இல் ஒரு கம்பெனியின் ஆலைகளுக்குள் சில நாள் மட்டுமே ஒட்டப்பட்டது. 1980-களிலிருந்துதான் உலகமே அறிந்தது.

பழைய ஃபேஷன் திரும்ப வருகிறது என்கிறோம். அழகுக்காக மட்டுமா? அந்தப் பத்தாண்டின் உடையில், பெண் கையை வீசி வேலை செய்ய இடம் இருந்தது. அதுதான் நிலைத்தது என்பது என் எண்ணம்.

இன்று காலை நம் ஒர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தேன். பேண்ட் சட்டையில், கூந்தலைக் கட்டிக்கொண்டு ஒரு மாணவி லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். மனசு நிறைந்தது, கூடவே உறுத்தியது. அந்தத் தோழி இதோ இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று சிரித்ததற்கு, இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் யாராவது "வரட்டுமா?" என்று கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். கூட நின்று நீங்களும் கேளுங்கள்.